பங்கை விற்ற பணம்: நடுவழியில் நிற்கும் அமானிதம்



புகழனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் பெருமானார் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

சென்ற ஷஃபான் மாதத்தில் ஓர் இரவு இஷா தொழுகை முடிந்து மதரஸாவின் கதவைச் சாத்த எழுந்தோம். நம்மிடம் ஓதும் மாணவர் ஒருவரின் தந்தை வாசலில் நின்றிருந்தார். உள்ளே அழைத்து அமர்த்திய பின்னும் நெடுநேரம் அவர் பேசவில்லை. பின்னர் அவர் சொன்ன செய்தி, நம்மையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதாக இருந்தது. அவர் யாரென்று அறியப்படாதவாறு, அவருடைய அனுமதியோடே அதனை இங்கு எழுதுகிறோம்.

அவருடைய தந்தையார் வஃபாத்தாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தாயார் முன்னரே காலமாகிவிட்டார். வாரிசுகள் இவரும் இவருடைய தங்கையும் மட்டுமே. ஜமாஅத் பெரியவர்கள் முன்னிலையில் வீட்டின் மதிப்பு 18 லட்சம் என்று முடிவாகி, இவருக்கு 12 லட்சமும் தங்கைக்கு 6 லட்சமும் என ஷரீஅத்தின்படி பிரிக்கப்பட்டது. வீட்டை இவரே வைத்துக்கொள்வதென்றும், தங்கையின் பங்கைப் பணமாகக் கொடுத்துவிடுவதென்றும் பேசி முடித்தனர். பெண்மக்களின் பங்கைக் கொடுக்காமல் சீர்வரிசைக் கணக்கைக் காட்டி வாயடைக்கும் வழக்கம் இன்னும் மறையாத நம் ஊர்களில், இதுவே பாராட்டத்தக்க செயல்.

பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பங்குகளை ஒரு புதன்கிழமை விற்றார். கட்டணங்கள் போக 6,20,000 ரூபாய் கணக்கில் தெரிந்தது. “வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பணம் உன் கையில்” என்று தங்கைக்கு வாக்களித்தார். வெள்ளிக்கிழமை வந்தது, வங்கியில் பணம் வரவில்லை. திங்களன்று கைப்பேசிச் செயலியைத் திறந்து பார்த்தபோதுதான், பணம் தானாக வங்கிக்குப் போகாது, தாம் கோரிக்கை கொடுத்தால்தான் போகும் என்பது அவருக்குத் தெரிந்தது. “அடுத்த வாரம் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன் காக்கா” என்று தங்கையும் சொல்லிவிட்டதால், அவர் கோரிக்கை கொடுக்கவில்லை.

ஏன் என்று கேட்டோம். அவர் தந்த விடை நம்மைத் தலைகுனிய வைத்தது.

“ஹஜ்ரத், சேமிப்புக் கணக்கில் பணத்தைப் போட்டால் வட்டி வந்து கலந்துவிடும் என்று நீங்கள்தானே பயானில் சொன்னீர்கள். டிரேடிங் கணக்கில் வட்டி வராது. தங்கச்சிக்குப் போகிற பணம் சுத்தமாகப் போகட்டும் என்றுதான் அங்கேயே விட்டுவைத்தேன்.”

அவ்வாறு விட்டுவைத்த பணம், செயலியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வணிகத்திற்கு ஆயத்தமான தொகையாக அவர் கண்முன் நின்றது. விற்பனைக் கட்டணத்தையாவது ஈடுகட்டலாம் என்று, அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடே வணிகத்தில் சிறு தொகையை இறக்கினார். முதல் நாள் இரண்டாயிரம் ரூபாய் கிடைத்தது. அடுத்த நாள் அதுவும் போய், மேலும் போயிற்று. போனதை மீட்க இன்னும் இறக்கினார். தங்கை வரவிருந்த நாளுக்கு முந்தைய மாலையில் எஞ்சியிருந்தது 4,80,000 ரூபாய். 1,40,000 ரூபாய் போய்விட்டது. தங்கைக்குக் கொடுக்க வேண்டியதில் 1,20,000 குறைந்தது. அது அவருடைய மருமகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று எதிர்பார்த்திருந்த பணம்.

அன்று பயான் செய்தவர்கள் நாமே. சேமிப்புக் கணக்கின் வட்டியைப் பற்றி எச்சரித்தோம். ஆனால் பணத்தை எங்கே வைப்பது, எவ்வளவு விரைவில் உரியவரிடம் சேர்ப்பது என்று சொல்லாமல் மிம்பரை விட்டு இறங்கினோம். பாதி சொன்ன மார்க்கம் சில வேளைகளில் சொல்லாத மார்க்கத்தை விடத் தீங்காகிவிடும். மீதிப் பாதியைச் சொல்லும் கடமை நமக்கு இருப்பதால் இதை எழுதுகிறோம்.

நாம் சொல்ல வருவது ஒன்றே. பங்கை விற்றவரின் பணி, விற்ற அன்று முடிவதில்லை. பணம் தம் பெயரிலுள்ள வங்கிக் கணக்கை அடைந்து, அங்கிருந்து உரியவரைச் சென்றடையும்போதே முடிகிறது. இடையில் டிரேடிங் கணக்கில் பணத்தை உறங்கவிடுவது பேணுதல் ஆகாது.

முதலில் நடைமுறையை அறிந்துகொள்வோம். நம் நாட்டுப் பங்குச் சந்தைகளில் 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும், விற்ற நாளுக்கு அடுத்த வேலைநாளில் கணக்குத் தீர்க்கும் முறை நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் இரண்டு வேலைநாட்கள் ஆயின. புதன்கிழமை விற்றால் வியாழக்கிழமையே தீர்வு நாள். அன்று சந்தையின் தீர்வுக் கழகத்திலிருந்து பணம் தரகு நிறுவனத்துக்கு வருகிறது. பின்னரே அது, எடுக்கத்தக்க இருப்பாக நம் கணக்கில் காட்டப்படும். அதன் பின் நாம் கோரிக்கை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் கோரிக்கைகளை ஏற்க ஒரு நேர எல்லை வைத்திருக்கும். அதைத் தவறவிட்டால் அடுத்த வேலைநாளுக்குத் தள்ளிப்போகும். எனவே புதன்கிழமை விற்றவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் தருவதாக வாக்களித்தது, தொடக்கத்திலேயே நிறைவேற்றக் கடினமான வாக்கு.

விற்ற அன்றே அத்தொகையின் பெரும்பகுதி, வேறு பங்குகள் வாங்கப் பயன்படும் இருப்பாகத் திரையில் தோன்றும். அதைக் கண்டு பணம் வந்துவிட்டதாகப் பலர் எண்ணிவிடுகின்றனர். வாங்குவதற்குரிய இருப்பு வேறு, எடுப்பதற்குரிய இருப்பு வேறு. மேலும் சனி, ஞாயிறும், சந்தை விடுமுறைகளும் தீர்வு நாட்களில் சேரா. சந்தை நடந்தாலும் தீர்வு நடக்காத நாட்களும் உண்டு. வங்கிகள் ஆண்டுக் கணக்கு முடிக்கும் ஏப்ரல் 1 அத்தகையது. எனவே பங்கை விற்றுப் பணம் தருவதாக யாருக்கேனும் வாக்களிப்போர், விற்ற நாளிலிருந்து நான்கைந்து வேலைநாட்கள் இடைவெளி விட்டுத் தேதி சொல்லட்டும். இன்ஷா அல்லாஹ் என்று சொல்வது, நாட்களை எண்ணிப் பார்க்காமல் இருப்பதற்கான அனுமதிச் சீட்டு அன்று.

இனி, அச்சகோதரரின் வாதத்திற்கு வருவோம். இப்படி நினைப்பவர் அவர் ஒருவர் மட்டுமல்லர் என்பதால் அதனை நேர்மையாக எடைபோட வேண்டும். சேமிப்புக் கணக்கில் வட்டி சேரும் என்பது உண்மை. டிரேடிங் கணக்கில் நமக்கு வட்டி வராது என்பதும் உண்மை. ஆனால் அங்கே பணம் ஒரு பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டிருப்பதாக எண்ணுவது தவறு.

வாடிக்கையாளரின் பணத்தைத் தரகு நிறுவனம் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல், நாள்தோறும் தீர்வுக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2023-இல் செபி விதி வகுத்தது. அப்படி அனுப்ப மூன்று வழிகள் அனுமதிக்கப்பட்டுள்ளன: ரொக்கமாக அனுப்பலாம், அப்பணத்தைக் கொண்டு தொடங்கிய வங்கி வைப்புநிதியின் ரசீதைப் பிணையாக வைக்கலாம், அல்லது ஒருநாள் கடன் பத்திரங்களில் முதலிடும் ஓவர்நைட் மியூச்சுவல் ஃபண்டின் யூனிட்களை அடகு வைக்கலாம். பின்னிரு வழிகளிலும் பிறப்பது வட்டியே. அந்த வட்டி நம் கைக்கு வரவில்லை. ஆகவே அதன் பாவம் நம்மைச் சாரும் என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் வட்டியின் நிழல் படாத இடம் என்று அதற்குப் புனிதம் கற்பிக்க முடியாது என்கிறோம். நமக்குத் தெரியாமல் வேறொருவர் வட்டி ஈட்ட விட்டுவிட்டு, நம் கை சுத்தம் என்று சொல்லிக்கொள்வது பேணுதலின் உச்சம் ஆகாது.

கணக்கையும் பார்ப்போம். 6,20,000 ரூபாய் ஒரு வாரம் சேமிப்புக் கணக்கில் கிடந்து, ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டி சேர்ந்திருந்தால், அது ஏறத்தாழ 357 ரூபாய். அதைக் கணக்கிட்டுத் தனியே பிரித்து, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துத் தம் பொருளைத் தூய்மைப்படுத்திக்கொள்ளும் வழியை நம் நாட்டு உலமாக்கள் பலர் காட்டியிருக்கின்றனர். வட்டியே வேண்டாம் என்போருக்கு நடப்புக் கணக்கு இருக்கிறது. அதற்கு வட்டி இல்லை. அதுவுமன்றி, கொடுக்க வேண்டியவருக்குப் பணம் வந்த அன்றே கொடுத்துவிட்டால் வட்டி சேரவே நாள் இராது. 357 ரூபாயைத் தவிர்க்க எடுத்த பேணுதல், தங்கையின் உரிமையில் 1,20,000 ரூபாயை விழுங்கிவிட்டது. ஷைத்தான் எப்போதும் ஹராமின் வாசல் வழியாகவே வருவதில்லை. சில வேளைகளில் தக்வாவின் ஆடையை உடுத்திக்கொண்டும் வருகிறான்.

அந்த 1,40,000 ரூபாய் எப்படிப் போயிற்று என்பதும் சிந்திக்க வேண்டியது. இன்ட்ராடே வணிகத்தில் ஈடுபடும் தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நட்டமடைந்ததாக, 2022-23 நிதியாண்டைப் பற்றிய செபியின் ஆய்வு கூறுகிறது. முன்பேர வணிகமாகிய எஃப் அண்ட் ஓ-வில், 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்துள்ளனர். இது உலமாக்களின் கணக்கன்று. சந்தையை நடத்துவிக்கும் அரசமைப்பின் கணக்கு.

மார்க்க நோக்கிலும் பங்கில் முதலிடுவது வேறு, இது வேறு. ஆகுமான தொழில் செய்யும் நிறுவனத்தின் பங்கை, வட்டிக் கடன் முதலியவற்றின் வரம்புகளைப் பார்த்து வாங்கி, உடைமையாக வைத்திருந்து விற்பதை இக்காலத்து ஃபிக்ஹ் அறிஞர்கள் பலர் அனுமதித்துள்ளனர். ஆனால் தம்மிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் மதரஸாவில் ஓதுகிறோம். இன்று வாங்கிய பங்கு, தீர்வு நாளான நாளையே நம் டீமேட் கணக்கில் சேர்கிறது. கைக்கு வந்து சேராத பங்கை அன்றே விற்பதும், கையில் இல்லாத பங்கை முதலில் விற்றுப் பின்னர் வாங்குவதும் அந்த எச்சரிக்கையின் எல்லைக்குள் வருவதாகவே பெரும்பாலான உலமாக்கள் கருதுகின்றனர். ஒரு சந்தேகமான வட்டியிலிருந்து தப்பியதாக எண்ணியவர், அதைவிடத் தெளிவான தவறில் விழுந்தார்.

அவர் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார்: “நட்டமும் பாகப்பிரிவினையில் சேருமா, ஹஜ்ரத்?” சேராது. வீட்டில் தங்கைக்கு இருந்த பங்கை இவர் விலை பேசிப் பெற்றுக்கொண்ட கணமே, அந்த 6 லட்சம் இவர் பொறுப்பில் கடனாகிவிட்டது. பங்குச் சந்தையில் எரிந்தது இவருடைய பணம். தங்கையின் உரிமை ஒரு ரூபாயும் குறையவில்லை. ஃபிக்ஹின் சொல்லில் அது கடன். குடும்பத்தின் சொல்லில் அது அமானிதம். கொடுக்க வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்பது நபிமொழியின் கருத்து. வித்டிராவல் பொத்தான் ஒன்றை அழுத்தும் தூரத்தில் பணம் இருக்கும்போது நாட்களைக் கடத்துவதும் அந்த இழுத்தடிப்பில் சேரும் என்றே நாம் அஞ்சுகிறோம்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். 2019 நவம்பரில் கார்வி என்னும் பெரிய தரகு நிறுவனம் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கச் செபி தடை விதித்தது. வாடிக்கையாளர்களின் பங்குகளை அந்நிறுவனம் அடகு வைத்துக் கடன் வாங்கியிருந்தது. அதன் பின் விதிகள் பெரிதும் இறுக்கப்பட்டுள்ளன. பயன்படாமல் கிடக்கும் பணத்தை, வாடிக்கையாளரின் விருப்பப்படி மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ நிறுவனமே வங்கிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. நெடுநாள் கிடக்க வேண்டிய இடம் அதுவன்று என்பதைச் சட்டமே சொல்கிறது. அமானிதம் பேணும் சமுதாயத்தார் மூன்று மாதம் காத்திருப்பானேன்?

வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் சகோதரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஊரிலுள்ள தந்தையின் பெயரிலோ மனைவியின் பெயரிலோ கணக்குத் தொடங்கி, தம் பணத்தில் பங்கு வாங்குவோர் பலர். பங்கை விற்றால் பணம், யார் பெயரில் கணக்கு இருக்கிறதோ அவர் பெயரில் பதிவான வங்கிக் கணக்குக்கே செல்லும். மூன்றாம் நபரின் கணக்குக்கு அனுப்பும் வழியில்லை. அந்தப் பணம் மனைவிக்கு அளித்த ஹதியாவா, அவரிடம் ஒப்படைத்த அமானிதமா? இருவரும் உயிரோடிருக்கும்போது இக்கேள்வி எழுவதில்லை. ஒருவர் மரணித்த பின் எழுந்தால், விடை சொல்ல ஆளிருக்காது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சிகளை வைத்துக்கொள்ளச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனமாக அமைந்திருப்பது சிந்திக்கத்தக்கது. வெளிநாட்டில் குடியிருப்போர் உள்நாட்டில் வசிப்போருக்குரிய பழைய கணக்கிலேயே வணிகம் செய்வதும் சட்டப்படி சரியன்று. அதனை வெளிநாடு வாழ் இந்தியருக்குரிய கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு விற்பனை ஆதாயத்தில் வருமான வரி முன்னரே பிடிக்கப்படும் என்பதால், கைக்கு வரும் தொகை எதிர்பார்ப்பதை விடக் குறையலாம்.

விற்கும் முன் வங்கிக் கணக்கின் விவரங்கள் சரியாக உள்ளனவா என்றும் பாருங்கள். 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் இணைந்தன. பின்னர் அவற்றின் கிளைக் குறியீடுகள் மாறின. பழைய குறியீட்டோடு கிடக்கும் கணக்குக்குப் பணம் அனுப்பக் கோரினால் நாட்கள் வீணாகும்.

பணம் வங்கிக்கு வந்த பின் அதிலுள்ள பிறர் உரிமைகளைப் பிரித்துவிடுங்கள். முதலில் கடன். பங்கு வைத்திருந்த காலத்தில் வந்த ஈவுத்தொகையில் ஆகாத வருவாயின் பகுதி இருந்தால் அதைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். ஆதாயத்துக்குரிய வரியை அரசுக்குச் செலுத்த ஒதுக்கி வையுங்கள். ஜகாத்துடைய நாள் இடையில் வந்தால், டிரேடிங் கணக்கில் நிற்கும் பணமும், விற்று இன்னும் தீர்வாகாத பணமும் நம் உடைமையே. வங்கிக்கு வரவில்லை என்பதால் அது கணக்கிலிருந்து விடுபடாது. இவற்றில் ஐயமுள்ளோர் தத்தம் மத்ஹபின் முஃப்தியிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளவும்.

அந்தச் சகோதரரின் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். மறுநாள் காலையே 4,80,000 ரூபாயையும் எடுக்கக் கோரிக்கை கொடுத்தார். பணம் வங்கிக்கு வந்த அன்றே தங்கையின் கையில் சேர்த்தார். மீதி 1,20,000 ரூபாய்க்குத் தேதி குறித்து, நம்மையும் ஜமாஅத் செயலாளரையும் சாட்சிகளாக்கிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். நடந்ததை மறைக்காமல் தங்கையிடம் சொன்னார். அந்தப் பெண்மணி அழவுமில்லை, ஏசவுமில்லை. “வாப்பா இருந்திருந்தால் உங்களை ஒரு சொல் சொல்லியிருப்பார்கள், காக்கா. நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளையின் ஃபீஸ் கட்டுகிற தேதி தள்ளிப்போகாது” என்று மட்டும் சொன்னார். அண்ணன் தம் இருசக்கர வாகனத்தை விற்று, முதல் தவணையை அந்தத் தேதிக்கு முன்னரே கட்டினார். இப்போது ஃபஜ்ருக்கு நடந்து வருகிறார்.

அடுத்த ஜும்ஆவில் நாமும் நம் கடனைத் தீர்த்தோம். சேமிப்புக் கணக்கின் வட்டியைப் பற்றி முன்பு சொன்னதில் எதையும் திரும்பப் பெறவில்லை. சொல்லாமல் விட்டதைச் சேர்த்துச் சொன்னோம். விற்றால் எடுங்கள். எடுத்தால் கொடுங்கள். கொடுக்கும் வரை அதில் கை வைக்காதீர்கள்.

பிறருடைய உரிமை நம் கணக்கில் ஓர் இரவு தங்குவதையும் பாரமாக உணரும் உள்ளத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.